ஒரு பவுண்டு தானியமும் சித்தேரி மலையும்: உடம்பு நல்லா இருந்தா ஊர் வளருமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு ஒரு எண்ணில் இருந்து ஆரம்பிக்கலாம். 147.

1990களின் தொடக்கத்தில், தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் 1000 குழந்தை பிறந்தா, அதில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கல. அங்கே போய் வேலை செஞ்ச மருத்துவர்கள் பதிவு செஞ்ச கணக்கு இது. இதே காலத்தில்தான் சென்னையில் கேபிள் டிவி வந்துச்சு, இந்தியா தாராளமயத்துக்குக் கதவைத் திறந்துச்சு, ‘பொருளாதார வளர்ச்சி’ங்கிற வார்த்தை தினசரி பேப்பர்ல முதல் பக்கத்துக்கு வந்துச்சு.

பொருளாதாரம் படிக்கிறவங்க ரொம்ப நாளா சண்டை போடுற ஒரு கேள்வி இருக்கு. பணம் வந்தா ஆரோக்கியம் வருமா, ஆரோக்கியம் வந்தா பணம் வருமா? கேட்க கோழி முட்டை கதை மாதிரி இருக்கும். ஆனா அரசாங்கம் முதல்ல எதுக்குச் செலவு பண்ணணும்னு முடிவாகுறது இந்தக் கேள்விக்கான பதிலில்தான். ரோடா, ஆஸ்பத்திரியா, ஃபேக்டரியா, சத்துணவா?

நாம இந்தக் கேள்வியோட சித்தேரி மலைக்குப் போவோம்.

மலை எங்க இருக்கு

சித்தேரி கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு. ஒரு பக்கம் சேர்வராயன், அதாவது உங்களுக்குத் தெரிஞ்ச ஏற்காடு. இன்னொரு பக்கம் கல்வராயன். நடுவுல சித்தேரி. அரூர் பக்கத்தில் இருந்து மேல ஏறணும். இங்க வாழ்றவங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். பேரைக் கேட்டுக் கேரளான்னு நினைச்சுடாதீங்க, மலையை ஆள்றவங்கங்கிற அர்த்தத்தில் வந்த பேர்னு சொல்வாங்க. பேசுறது தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தாங்கன்னு அவங்களுக்குள்ளயே ஒரு கதை உண்டு. சாமை, ராகி, தினை விளையுற மண்.

இந்த மலைக்கும் கல்வராயனுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தாக்குதான் சிட்லிங்கி. அந்த 147 அங்க எடுத்த கணக்கு. அங்க திரும்ப வருவோம். அதுக்கு முன்னாடி 1877.

ஒரு பவுண்டு போதுமா?

தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965ல. அதுக்கு முன்னாடி அது சேலம் மாவட்டம். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர். 1881 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் மக்கள்தொகை கூடல, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைஞ்சிடுச்சு. செத்தவங்க, பிழைக்கத் தேடி ஊரை விட்டுப் போனவங்க, பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாம் சேர்ந்து அந்தப் பள்ளம். நடுவில் வந்தது 1876 முதல் 78 வரை நடந்த பெரும் பஞ்சம். நம்ம பாட்டிகள் ‘தாது வருஷப் பஞ்சம்’னு சொல்வாங்களே, அதேதான்.

இந்தப் பஞ்சத்துக்குள்ள நம்ம கேள்விக்கு நேரடியா சம்பந்தப்பட்ட ஒரு வாக்குவாதம் நடந்துச்சு. பஞ்ச நிவாரண முகாம்கள்ல மக்கள் சும்மா சோறு வாங்க முடியாது. கல் உடைக்கணும், மண் வெட்டணும், அதுக்குக் கூலி. அந்தக் கூலியைக் குறைக்கச் சொல்லி வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வெச்ச ஆள் ரிச்சர்ட் டெம்பிள். 1877 ஜனவரியில் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதோட கொஞ்சம் சில்லறை, அது போதும்னு முடிவு பண்ணார். ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். அதைச் சாப்பிட்டுட்டு நாள் முழுக்க கல் உடைக்கணும்.

எதிர்த்து நின்னவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். மாகாணத்தோட சுகாதார ஆணையர், டாக்டர். அவர் வாதம் ரொம்ப நேரடியானது. இந்த அளவு சோத்தில் உடம்பு வேலை செய்யாது, தன்னையே தின்னும், அப்புறம் சாகும். ஒன்றரை பவுண்டாவது வேணும், பருப்பும் வேணும்னார். டெம்பிள் பக்கம் கஜானா கணக்கு, கார்னிஷ் பக்கம் உடம்பு கணக்கு. சில மாசத்திலேயே முகாம்கள்ல ஆட்கள் விழ ஆரம்பிச்ச பிறகு அந்த அளவைக் கைவிட வேண்டி வந்துச்சு. அதுக்குள்ள எவ்வளவோ பேர் போயாச்சு.

நான் இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, ‘உடல்நலமும் பொருளாதாரமும்’ங்கிற தலைப்பில் நம்ம மண்ணில் நடந்த முதல் பெரிய விவாதங்கள்ல இது ஒண்ணு. ஒரு ஆள் வேலை செய்ய எவ்வளவு சாப்பாடு வேணும்? நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு, கிட்டத்தட்ட இதே கேள்வியை பிரிட்டனோட வரலாற்றுக்குக் கேட்ட ஒருத்தருக்கு நோபல் கிடைச்சுது. ராபர்ட் ஃபோகல், 1993. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஏழைகள்ல ஒரு பகுதிக்குக் கிடைச்ச கலோரி, நாள் முழுக்க வேலை செய்யவே பத்தாதுன்னு அவர் கணக்குப் போட்டார். சாப்பாடு கூடினதும் வேலைக்கு வர முடிஞ்ச ஆட்கள் கூடினாங்க, வந்தவங்க செஞ்ச வேலையும் கூடிச்சு. இரண்டு நூற்றாண்டு பிரிட்டன் வளர்ச்சியில் சுமார் 30 சதவீதம் இதில் இருந்து வந்ததுன்னு அவரோட மதிப்பீடு. நீராவி இஞ்சின் பத்தி எல்லாருக்கும் தெரியும். வயிறு நிறைஞ்சது பத்தி யாரும் பாடப் புத்தகத்தில் எழுதல.

கொழுந்து எடுத்த கைகள்

சரி, இது பஞ்ச காலம். சாதாரண நாளில் எப்படி? இலங்கை மலையகத்துக்குப் போவோம். தேயிலைத் தோட்டங்கள்ல வேலை செய்றவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழ்நாட்டு மாவட்டங்கள்ல இருந்து அங்க கொண்டு போகப்பட்ட குடும்பங்களோட வாரிசுகள்.

1979ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. ரத்தசோகை இருந்தவங்களுக்கு இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்தாங்க. ஹீமோகுளோபின் ஏறினதும் எடுக்கிற கொழுந்தோட எடை ஏறிச்சு. ‘சோம்பேறிங்க, வேலை செய்ய மாட்டாங்க’ன்னு தொழிலாளர்களைத் திட்டின எல்லா முதலாளிகளுக்கும் அந்த ஒரு பேப்பரை அனுப்பி வெச்சிருக்கணும். சோம்பேறித்தனம்னு நினைச்சதில் பாதி ரத்தத்தில் இரும்பு இல்லாத களைப்பு. (கூடுதலா எடுத்த கொழுந்தோட லாபம் யாருக்குப் போச்சுங்கிறது இன்னொரு எபிசோட்.)

இலங்கையில் இருந்தே எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்னொரு உதாரணம். 1946ல இருந்து 1953க்குள்ள, ஏழே வருஷத்தில், அங்க பிரசவத்தில் தாய் இறக்கிற ஆபத்து சுமார் 70 சதவீதம் குறைஞ்சுது. ஆஸ்பத்திரிகள் கிராமம் வரைக்கும் போச்சு, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வந்தாங்க, புது மருந்துகள் வந்துச்சு. சீமா ஜெயச்சந்திரன், அட்ரியானா ஜெராஸ்-மியூனினு இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை எடுத்து 2009ல ஒரு கேள்வி கேட்டாங்க. பிரசவ மரணம் பெண்களுக்கு மட்டும்தான் ஆபத்து. அது குறைஞ்சா பொண்ணுங்க ஆயுள் கூடும், பையன்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. அப்போ, மரணம் ரொம்பக் குறைஞ்ச மாவட்டங்கள்ல, பையன்களோட ஒப்பிட்டா பொண்ணுங்க படிப்பு கூடிச்சா?

கூடிச்சு. பெண்களோட ஆயுள் எதிர்பார்ப்பு 15 வயசுக் கணக்கில் 4.1 சதவீதம் ஏறினப்போ, பெண்கள் எழுத்தறிவு 2.5 சதவீதமும், படிக்கிற வருஷங்கள் 4 சதவீதமும் ஏறிச்சு. யோசிச்சுப் பாருங்க. எந்த அரசாங்கமும் ‘பொண்ணைப் படிக்க வை’ன்னு போஸ்டர் ஒட்டி இதை வரவைக்கல. ‘முதல் பிரசவத்தில் இவ இருப்பாளோ மாட்டாளோ’ங்கிற பயம் குறைஞ்சுது. பெத்தவங்க கணக்கு மாறிடுச்சு. நீண்ட நாள் இருக்கப் போற பொண்ணுக்கு ஸ்லேட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுக்கிறது வீண் செலவாத் தெரியல.

இதோட மறுபக்கத்தை நம்ம தர்மபுரியிலயே பார்க்கலாம். பொண்ணே வேண்டாம்னு முடிவு பண்ணின மாவட்டம்னு ஒரு காலத்தில் பேர் எடுத்தது இது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயசுக்குள்ள 1000 பையன்களுக்கு 826 பொண்ணுங்கதான். 1992ல சேலத்தில் தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேயும் வந்தது சும்மா இல்லை. 2011ல அந்த எண் 913 ஆச்சு. அதே 2011ல எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசி மாவட்டம் தர்மபுரி, 68.5 சதவீதம். ஒரு உயிருக்கு என்ன மதிப்புன்னு வீட்டுக்குள்ள போடுற கணக்கும், பள்ளிக்கூடம் அனுப்புற கணக்கும் பக்கத்துப் பக்கத்து வீடுங்க.

இல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க

நியாயமா இருக்கணும்னா மறுப்பையும் சொல்லணும். 2007ல டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன் இரண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதினாங்க. 2024ல நோபல் வாங்கின அதே இரண்டு பேர். 1940களுக்கு அப்புறம் பென்சிலின், டிடிடி எல்லாம் ஏழை நாடுகளுக்குப் போச்சு, ஆயுள் கடகடன்னு ஏறிச்சு. ஆனா தலைக்கு வருமானம் ஏறல, ஏன்னா சாகாமல் இருந்தவங்க எல்லாம் உயிரோட இருந்தாங்க! மக்கள்தொகை பெருகிச்சு, நிலமும் முதலீடும் அதே வேகத்தில் பெருகல. அதே கேக்கை நிறைய பேர் பங்கு போட்டாங்க. இதுதான் அவங்க வாதம்.

கேட்டதும் குரூரமாத் தெரியும். ஆனா அவங்க ‘மக்களைக் காப்பாத்தாதே’ன்னு சொல்லல. உயிரைக் காப்பாத்துறதுக்கு வளர்ச்சியைச் சாக்காச் சொல்லாதீங்க, உயிருக்கே ஒரு மதிப்பு உண்டு, அதுக்காகவே செய்யுங்கன்னும் இதை வாசிக்கலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஏற்கெனவே ஆரோக்கியமா இருந்த நாடுகள் முன்னாடியே வேகமா வளர்ந்துட்டு இருந்துச்சு, அதைக் கணக்கில் எடுக்கலைன்னு டேவிட் ப்ளூம், டேவிட் கேனிங் மாதிரி ஆட்கள் பதிலும் எழுதினாங்க.

என் பார்வையில் இந்தச் சண்டைக்கு நடுவில் இருக்கிறது காலம். குழந்தைகள் சாகாதுன்னு ஊர் நம்ப ஒரு தலைமுறை ஆகும். நம்பின பிறகுதான் ‘இரண்டு போதும்’னு குடும்பங்கள் முடிவு பண்ணும். அப்போதான் வேலை செய்ற வயசில் நிறைய பேர், சாப்பாடு போட வேண்டிய குழந்தைகள் கம்மிங்கிற நிலை வரும். தமிழ்நாடு அதைப் பார்த்தாச்சு. 1956ல காமராஜர் காலத்து மதிய உணவு, 1982ல எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவு, நூறு வருஷம் பழமையான தனி பொதுச் சுகாதாரத் துறை, 1990களில் வந்த மருத்துவப் பணிகள் கழகம் மூலமா ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் போன மாத்திரை. 2019-21 கணக்குப்படி மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.8 குழந்தை. இதெல்லாம் ஒரே நாளில் ஜிடிபியில் தெரியாது. ஓரகடம், ஓசூர் ஃபேக்டரி கேட்டில் ஷிப்டுக்கு நிக்கிற ஆளோட உயரத்திலயும் எடையிலயும் தெரியும்.

குடிசையில் ஒரு ஆஸ்பத்திரி

ஆனா மாநிலச் சராசரி மலை ஏறுறதில்லை. சிட்லிங்கிக்கு இப்போ போகலாம்.

1993ல டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜினு ஒரு தம்பதி அங்க வந்தாங்க. ஆலப்புழா மெடிக்கல் காலேஜில் படிச்சவங்க, திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவங்க. ஊர்க்காரங்களே கட்டிக் கொடுத்த ஒரு மண் குடிசையில் ஆரம்பிச்சாங்க. டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு பேர். அவர் மயக்க மருந்து கொடுப்பார், அவங்க பிரசவம் பார்ப்பாங்க. அன்னைக்கு ஒரு ஆபரேஷன்னா பல மணி நேரம் பயணம் செஞ்சு பெரிய ஊருக்குப் போகணும். வயித்துப்போக்கு, நிமோனியா, பிரசவச் சிக்கல், பாம்புக்கடி. இதில் எதுவுமே மருத்துவத்துக்குப் புதிர் இல்லை. தூரம்தான் கொன்னுச்சு.

அவங்க செஞ்சதில் எனக்கு முக்கியமாப் படுறது, இரண்டு டாக்டர் எல்லாத்தையும் பார்த்துட முடியாதுன்னு புரிஞ்சுக்கிட்டது. உள்ளூர்ப் பொண்ணுங்களுக்கு நர்ஸ் வேலை கத்துக் கொடுத்தாங்க. ஒவ்வொரு கிராமத்திலும் கொஞ்சம் வயசான, ஊர் மதிக்கிற பெண்களைச் சுகாதாரத் துணையாளரா ஆக்கினாங்க. கர்ப்பிணியை முன்கூட்டியே பார்க்கிறது, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறது, எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு சொல்றது. ஊருக்குள்ள இருந்து ஒரு அத்தை சொன்னா மருமகள் கேட்பா. வெளியில் இருந்து வந்த டாக்டர் சொன்னா தலையை மட்டும் ஆட்டுவா. அந்த 147 படிப்படியா இறங்கி இருபதுகளுக்கு வந்துச்சு.

கதை இங்க முடிஞ்சிருந்தா இது ஒரு நல்ல ஆஸ்பத்திரி பத்தின கதை. முடியல. ஆரம்பிச்சு பத்து வருஷம் ஆனப்போ ஊர் ஊராப் போய், ‘இப்போ உங்களுக்கு என்ன பிரச்சினை?’ன்னு கேட்டாங்க. வந்த பதில் காய்ச்சல் இல்லை, விவசாயம். மேல்நிலத்தில் சாமையும் ராகியும் குறைஞ்சு, உரம் மருந்து கேட்கிற பணப்பயிர் வந்திருந்துச்சு. கூடவே கடன் வந்துச்சு. கடனைக் கட்ட ஆட்கள் திருப்பூருக்குப் போனாங்க. வீட்டில் தட்டில் இருந்த தானியமும் மாறிடுச்சு. குழந்தை சாகல, சரி. ஆனா அந்தக் குழந்தை வளர்ந்து உழைக்க ஊரில் என்ன இருக்கு?

அங்க இருந்து ஒரு இயற்கை விவசாயிகள் சங்கம் பிறந்துச்சு. விரல் விட்டு எண்ணக்கூடிய விவசாயிகளோட தொடங்கி இன்னைக்குச் சில நூறு குடும்பங்கள். சிறுதானியத்தைத் தாங்களே சுத்தம் பண்ணி, மாவாக்கி, பாக்கெட் போட்டு விக்கிறாங்க. நீங்க சென்னையில் ஏதாவது ஆர்கானிக் கடையில் வாங்கின சாமை அங்க இருந்து வந்திருக்கலாம். பள்ளத்தாக்கில் இருக்கிற லம்பாடிப் பெண்கள் மறந்துட்டு இருந்த தங்கள் எம்பிராய்டரியை வயசான இரண்டு மூணு பேர்கிட்ட இருந்து திரும்பக் கத்துக்கிட்டு, ‘போர்கை’னு ஒரு கைவினை அமைப்பு ஆரம்பிச்சாங்க. அவங்க மொழியில் போர்கைனா பெருமை.

டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் நடந்த வாதத்தை இதோட பக்கத்தில் வைங்க. டெம்பிள் உடம்பை ஒரு செலவாப் பார்த்தார். சிட்லிங்கியில் உடம்பைக் காப்பாத்தப் போனவங்க, உடம்பு நிலத்தோடயும் கடனோடயும் கட்டப்பட்டிருக்குன்னு பார்த்தாங்க. ஆரோக்கியம் வந்ததும் வருமானம் தானா வரல. ஆனா குழந்தையைப் புதைச்சுக்கிட்டே இருக்கிற ஊரில் சங்கம் கூட்டி மூணு வருஷத்துக்கு அப்புறம் வரப்போற விளைச்சலைப் பத்திப் பேச முடியாது.

ஆயுளைக் குறைக்கிறது கிருமி மட்டும் இல்லை

இதே மலையைப் பத்திப் பேசிட்டு வாச்சாத்தியைச் சொல்லாமல் போனா அது பொய். சித்தேரி மலையோட அடிவாரத்து ஊர். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் உள்ள போனாங்க. 18 பெண்கள் மேல் பாலியல் வன்முறை, ஊர் முழுக்கச் சூறை. 2011ல தர்மபுரி நீதிமன்றம் அத்தனை பேரையும் குற்றவாளின்னு சொல்லுச்சு, அதுக்குள்ள 54 பேர் இறந்தே போயிருந்தாங்க. 2023ல சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செஞ்சுது. 31 வருஷம்.

அப்புறம் 2015 ஏப்ரல் 7. திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாச் சொல்லி 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலிகள், சித்தேரி மலைக் கிராமத்து ஆட்களும் அதில் இருந்தாங்க. வேலை செய்ற வயசு, திடமான உடம்பு. தடுப்பூசி போட்டு, சத்துணவு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்த ஒரு உடம்புக்கு மலையில் வேலை இல்லைனா, அதை வாங்க இடைத்தரகர் வருவான். ‘மனித மூலதனம்’னு பொருளாதாரப் புத்தகம் சொல்ற பொருளுக்கு அன்னைக்குக் கிடைச்ச விலை அது. எந்த மாதிரி வளர்ச்சி வருதுன்னு கேட்காமல் ‘ஆரோக்கியம் வளர்ச்சியைக் கொண்டு வரும்’னு சொல்றது எனக்குப் பத்தல.

இனி வயசாகப் போற மலை

1951ல ஒரு இந்தியக் குழந்தையோட சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இன்னைக்குத் தமிழ்நாட்டில் அது 70ஐத் தாண்டியாச்சு. 60 வயசுக்கு மேல இருக்கிறவங்க 2021ல மாநிலத்தில் 13.6 சதவீதம்னு மதிப்பீடு, கேரளாவுக்கு அடுத்த இடம். 147ன்னு எண்ணின வருஷத்தில் பிறந்து பிழைச்ச குழந்தைக்கு இப்போ முப்பது தாண்டியிருக்கும். உங்க வயசுதான். அவங்க அப்பா அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் வந்திருக்கும்.

இது வேற மாதிரி நோய். வயித்துப்போக்குக்கு ஒரு வாரம் மருந்து போதும். சுகருக்கு மாசாமாசம், சாகிற வரைக்கும். மாத்திரை வாங்க ஒரு நாள் மலை இறங்கினா ஒரு நாள் கூலி போச்சு. கூட்டிட்டுப் போற மகனோட கூலியும் போச்சு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில் தொடங்கினாங்க. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. கணக்கா யோசிச்சா, அது மிச்சம் பண்றது மாத்திரை விலையை இல்லை, அந்த இரண்டு நாள் கூலியை.

அது வேலை செய்யணும்னா வீடு வரைக்கும் வழி வேணும். தர்மபுரி மலைக் கிராமங்கள்ல சிலதுக்கு ரோடு இன்னும் முழுசாப் போகல. நோயாளியை மூங்கில் கம்பில் துணியைக் கட்டித் தொட்டிலாக்கி, நாலு பேர் தோளில் தூக்கி இறக்குற படத்தை நீங்க பேப்பர்ல பார்த்திருப்பீங்க. டோலி. தூக்குற நாலு பேரும் இளைஞர்களா இருக்கணும். அவங்க திருப்பூர்லயும் ஓசூர்லயும் இருக்காங்க.

அடுத்த எபிசோடில் அந்தத் திருப்பூர் பஸ்ஸில் ஏறுவோம்.